கூற்றும் கேட்போரும்: சிறுகதையில் ‘நான்’

நம் மொழியில் சிறுகதை எழுதுவோர் இந்நாளிற் பலர். அவருள் மாணவர் தொகை சிறிதன்று. கல்லூரி மலர்களைப் புரட்டிப் பார்ப்போர், கதைகளுள் ‘நான்’ என்று தொடங்குவன மிகுதியாக இருத்தலைக் காண்பர். இதில் வியப்பில்லை. படர்க்கையில் கதை சொல்லப் புகுவோர் ஊரையும் உறவையும் அறிமுகம் செய்துகொண்டு வாயிலிலே சிறிது நின்றாக வேண்டும். தன்மையிற் சொல்லப் புகுவோரோ ‘நான்’ என்னும் ஒரு சொல்லாற் கதவைத் திறந்துகொண்டு உள்ளே சென்றுவிடலாம். எளிய வாயில் என்று கருதியே இளைஞர் பலர் இதனுள் நுழைகின்றனர். இவ்வாயில் எளியதன்று என்பதும், இதனுள் நுழைவார்க்கு ஒரு கடப்பாடு உண்டு என்பதுமே ஈண்டு யாம் சொல்ல விரும்புவன.

நோயை முதலிற் கூறுவோம். ஒரு கதையில் ‘நான்’ என்பவர் முதிய குயவர். மற்றொன்றிற் கணவனை இழந்த தாய். வேறொன்றில் லாரியில் உடன்செல்லும் கிளீனர்ப் பையன். பிறிதொன்றில் ஏழு வயதுக் குழந்தை. பெயர் வேறு, தொழில் வேறு, அகவை வேறு. ஆயின் வாய் திறந்தவுடன் நால்வரும் ஒருவராகிவிடுகின்றனர். குயவர், ‘இயற்கையின் எழிலில் என் உள்ளம் கரைந்தது’ என்கின்றார். குழந்தை, ‘வாழ்க்கை எனக்கு விடையில்லாப் புதிராகவே தோன்றியது’ என்கின்றது. படிப்போர் உடனே அறிந்துகொள்கின்றனர்: பேசுபவர் குயவரும் அல்லர், குழந்தையும் அன்று, இருபது வயதுக்கு உட்பட்ட, நூல் சில கற்ற, விடுதி அறையில் விளக்கின் கீழ் அமர்ந்திருக்கும் ஒரு மாணவரே அவர்.

ஆதியாகமத்தில் ஈசாக்கின் வரலாறு வருகின்றது. கண் மங்கிய தந்தையிடம் மூத்தவனுக்குரிய ஆசியைப் பெறுதற்பொருட்டு, இளையவனாகிய யாக்கோபு தமையனின் உடையை உடுத்து, வெள்ளாட்டுக் குட்டியின் தோலைக் கைகளிற் சுற்றிக்கொண்டு வந்து நிற்கின்றான். தடவிப் பார்த்த முதியவர் கைகளை நம்பினார். குரலைக் கேட்டு ஐயுற்றார். உடையும் தோலும் கடன் வாங்கக் கூடியன. குரல் அங்ஙனம் கிடைப்பதன்று. ஈசாக்கு இறுதியில் ஏமாந்தார். ஆயினும் கதை படிப்போர்க்குக் கண் மங்கவில்லை; அவர் ஏமாறார்.

இந்நோய்க்கு மருந்தென இரண்டு கூறப்படுகின்றன. கதையும் இலக்கியமாதலின் எவர் வாயினின்று வரினும் மொழி செம்மையாகவே இருத்தல் வேண்டும் என்றும், குரல் வேறுபாடு தேடி மொழியைச் சிதைத்தல் ஆகாது என்றும் கூறுவார் ஒரு சாரார். பேச்சு வழக்கை அவ்வாறே எழுதிவிட்டாற் குரல் தானே வந்துவிடும் என்பார் மற்றொரு சாரார். இரு சாரார் கூற்றிலும் ஒரு பாதி உண்மை உண்டு. எனினும், நோயின் வேரை இரண்டும் தொட்டில என்பது எம் கருத்து.

முதற் சாரார்க்கு விடை நம் இலக்கணத்திலேயே உள்ளது. தொல்காப்பியத்திற்குச் சிறப்புப்பாயிரம் செய்த பனம்பாரனார், அந்நூல் உலக வழக்கையும் செய்யுளையும் அடிப்படையாகக் கொண்டு எழுந்தது என்கின்றார். வழக்கு முன்னர் வைக்கப்பட்டுள்ளது. மக்கள் நாவில் வாழும் சொல்லை இழிந்ததென்று தள்ளும் இலக்கணம் அன்று நம்முடையது.

இரண்டாம் சாரார்க்கும் ஒன்று சொல்லுதல் வேண்டும். ஒரு வட்டாரத்தார் பேச்சை நன்கு அறியாது எழுதுவோர் அதன் ஓசையைக் கேட்பதில்லை; அதன் பிழை என்று தமக்குத் தோன்றுவனவற்றை மட்டுமே பொறுக்கி எடுக்கின்றனர். ஒவ்வொரு வினைமுற்றுக்கும் ‘ங்க’ என்னும் வாலை ஒட்டுவர்; நான்கு சொற்களைத் திரித்து எழுதுவர்; உழவர் பேசிவிட்டார் என்று மகிழ்வர். பேசியவர் உழவர் அல்லர். உழவரைக் கண்டு நகைக்கும் ஒருவரே. கொச்சை என்பது பேசுவோர் காதில் இல்லை. எழுதுவோர் கண்ணிலேயே உள்ளது. வட்டார வழக்கும் ஆட்டுத் தோலாக மாறுதல் கூடும்.

எனின், குரல் எங்கிருந்து வருகின்றது? தமிழ் பயிலும் நமக்கு இவ்வினாவுக்கு விடை தேடி நெடுந்தொலை செல்ல வேண்டுவதில்லை. அகப்பாடல்கள் அனைத்தும் தன்மைக்கூற்றுக்களே. குறுந்தொகையில், கடவுள் வாழ்த்து நீங்கலாக, நானூற்றொரு பாடல்கள் உள்ளன. எதனுள்ளும் புலவர் தம் பெயரால் முன்வந்து பேசுதல் இல்லை. தலைவி பேசுவாள், தோழி பேசுவாள், செவிலி பேசுவாள், தலைவன் பேசுவான், கண்டோர் பேசுவர். ஆடவராகிய கபிலர் தலைவியாகி நின்று பேசுகின்றார். அது கபிலர் குரலாகக் கேட்பதில்லை. எங்ஙனம் நிகழ்ந்தது இது?

தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளின் உறுப்புக்கள் முப்பத்துநான்கு எனத் தொகுத்துக் கூறுகின்றது. அவற்றுள் ‘கூற்று’ என்பது ஒன்று. அதனை அடுத்து வைக்கப்பட்டுள்ள உறுப்பு ‘கேட்போர்’. பேசுவார் எத்துணை இன்றியமையாதவரோ, அத்துணை இன்றியமையாதவர் அப்பேச்சைக் கேட்பார் என்பது இதனாற் பெறப்படும். அவ்வரிசையிலேயே ‘முன்னம்’ என்று மற்றோர் உறுப்பும் உண்டு. இன்ன இடத்து, இன்ன சொல், இன்னார் இன்னார்க்குச் சொல்லத் தகுந்தது என்பதைச் செய்யுளே உணர்த்தி நிற்றல் அதன் பொருள். பாட்டின் அடியில் உள்ள துறைக்குறிப்பை மறைத்துவிட்டாலும், பாட்டைக் கேட்ட அளவிலே இது தலைவி தோழிக்குச் சொல்லியது என்று தெளிதல் வேண்டும். தன்மைக்கதை எழுதுவோர்க்கு இதனினும் சிறந்த இலக்கணம் வேறெம்மொழியிலும் தேட வேண்டுவதில்லை என்றே யாம் துணிகின்றோம்.

கபிலர் பாடிய குறுந்தொகை 25-ஆம் பாட்டை எண்ணுக. தன்னைக் களவில் மணந்தவன் சொற்பிறழ்ந்தால் என்செய்வது என்று தலைவி அஞ்சுகின்றாள். அச்சத்தை அச்சம் என்று அவள் விரித்துரைக்கவில்லை. அவ்விடத்தில் அவனையன்றி வேறு யாரும் இல்லை என்கின்றாள். பிறகு நினைவு வந்தாற்போல, ஓடும் நீரில் மீனைப் பார்த்து நின்ற நாரை ஒன்று இருந்தது என்கின்றாள். நாரை சாட்சி சொல்லுமா? சொல்லாது, அதன் கண்ணும் மீன்மேலதே. அவளும் அதனை அறிவாள். அறிந்தும் சொல்லுகின்றாள் என்றால், கேட்பவள் தோழி. தோழியிடத்தன்றி இத்தகைய வலுவற்ற சான்றை ஒருத்தி சொல்லத் துணியாள். ஊரார் முன் நின்று வழக்குரைப்பாளாயின் நாரையை வாயெடுத்தும் கூறாள். கேட்போர் மாறின், கூற்றே மாறிவிடும். யாம் கண்ட மருந்து இதுவே: குரலைத் தேடுவோர் முதலிற் செவியைத் தேடுதல் வேண்டும்.

இதனை ஒரு கற்பனை கொண்டு விளக்குவோம். ஒரு கல்லூரியில் முப்பதாண்டு மணியடித்த ஊழியர் ஒருவர் இருக்கின்றார் எனக் கொள்க. மரக்கிளையில் தொங்கும் தண்டவாளத் துண்டை இரும்புக் கம்பியால் அடித்து வகுப்புத் தொடங்குவதும் முடிவதும் அறிவிப்பவர் அவர். இன்று மின்மணி பொருத்தப்பட்டுவிட்டது. கதையை அவரே சொல்லுகின்றார். நம் கதைகளில் வழக்கமாக வரும் தொடர், ‘என் இதயத்தைச் சோகம் கவ்விக்கொண்டது’ என்பது. இத்தொடரை எவரும் எவரிடமும் சொல்லுவதில்லை. ஆதலின் இதற்குக் குரலும் இல்லை.

அவரே கல்லூரி முதல்வரிடம் பேசுவதாக வைத்துக்கொள்வோம்: ‘எனக்கு ஒரு குறையும் இல்லீங்கய்யா. கம்பியைத் துடைச்சு அலமாரியிலே வச்சிருக்கேன். யாராச்சும் கேட்டா எடுத்துக் குடுங்க.’ தம் மனைவியிடம் பேசும்போது: ‘நாளைக்கு என்னை அஞ்சு மணிக்கு எழுப்பாதே.’ மின்மணியைப் பொருத்த வந்த இளைஞனிடம் பேசும்போது: ‘மழைக்காலத்திலே இங்கே கரண்டு நிக்கும், தம்பி. அப்போ என்ன செய்யிறதுன்னு யாராவது சொன்னாங்களா உனக்கு?’

பேசுபவர் ஒருவரே, துயரமும் ஒன்றே. மூன்று செவிகளுக்கு ஏற்ப அது மூன்று வடிவம் கொண்டது. முதல்வரிடத்துப் பணிவு; ஆயினும் கம்பியை எவரேனும் கேட்பர் என்னும் நம்பிக்கை அப்பணிவினுள் ஒளிந்திருக்கின்றது. மனைவியிடத்து ஒரே வரி. அதற்குமேல் அவட்குச் சொல்ல வேண்டுவதில்லை. இளைஞனிடத்துச் சிறிது செருக்கு. மூவரிடத்தும் அவர் வருந்துகின்றேன் என்று சொல்லவில்லை. வருந்துகின்றார் என்பதை உணராதாரும் இல்லை.

மேனாட்டார் கதைகளிலும் இவ்வுண்மையைக் காணலாம். அமெரிக்க ஆசிரியர் ரிங் லார்ட்னர் 1925-இல் முடிதிருத்தகம் ஒன்றைக் களமாகக் கொண்டு ஒரு கதை எழுதினார். முடிதிருத்துவோர், ஊருக்குப் புதியவரான ஒருவரை நாற்காலியில் அமர்த்தி, உள்ளூர்ச் செய்தி பேசிக்கொண்டே தொழில் செய்கின்றார். இறந்துபோன ஒருவனைப் பெரிய வேடிக்கைக்காரன் என்று புகழ்கின்றார். அவன் செய்தவை கொடுமைகள் என்பதும், அவன் சாவு தற்செயல் அன்று என்பதும் நமக்கு விளங்குகின்றன. சொல்லுபவர்க்கு விளங்கியதாகத் தோன்றவில்லை. கத்தரிக்கோல் ஓடும் நேரமே கதையின் நேரம். நாற்காலியில் அமர்ந்தவர் ஒரு சொல்லும் பேசவில்லை. ஆயினும் அவர் இல்லையேற் கதையே இல்லை.

இனி நம் சிறுகதைக்கு வருவோம். வ. வே. சு. ஐயரின் ‘குளத்தங்கரை அரசமரம்’ 1915-இல் வெளிவந்தது. தாகூரின் வங்கக் கதை ஒன்றிற் கங்கைக்கரைப் படித்துறை பேசுகின்றது. அதன் தழுவல் இஃது என ஆய்வாளர் கூறுவர். தழுவலாயினும், படித்துறையை நீக்கி நம் ஊர்க் குளக்கரையின் அரசமரத்தைப் பேசவைத்தமையால் குரல் நம் குரலாயிற்று. மரம் தன் நிழலுக்கு வந்து அமர்வோரிடம் ஒரு பாட்டியைப் போற் கதை சொல்லுகின்றது. மரத்தால் நடந்து சென்று பிறர் வீட்டினுட் பார்த்தல் இயலாது; கரையில் நிகழ்வதும் கரைக்கு வந்தோர் பேசுவதுமே அதன் அறிவு. அறிவுக்கு எல்லை வகுத்தமையால் அதன் பேச்சில் நம்பிக்கை பிறக்கின்றது. தன்மைக்கதையில் ‘நான்’ எதனை அறிவான் என்பதினும் எதனை அறியான் என்பதே பெரிது.

1944-இல் மறைந்த கு. ப. ராஜகோபாலனின் ‘விடியுமா?’ என்னும் கதையை நோக்குக. கணவர் நோயுற்றுக் கிடக்கின்றார் என்று தந்தி வர, ஒரு பெண் இரவு முழுதும் புகைவண்டியிற் சென்னை நோக்கிச் செல்லுகின்றாள். கதையைச் சொல்பவர் அவளுடன் செல்லும் தம்பி. அக்காள் உள்ளத்தில் நிகழ்வது என்ன என்று அவர் புகுந்து பார்த்தல் இயலாது. அவள் முகம், அவள் சொன்ன சொல், சொல்லாது விட்டது ஆகிய இவையே அவர் கைப்பொருள். அவளே பேசியிருப்பாளாயின் கதை புலம்பலாக முடிந்திருத்தலும் கூடும். உடன்பிறந்தார் ஒருவரின் தயக்கமும் பரிவும் அக்கதையின் குரலாயின.

புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’ 1943-இல் வெளிவந்தது. அதிற் பேசுபவர் எழுத்தாளர், படித்தவர், தம் அறிவில் நம்பிக்கை உடையவர். தம் வீட்டில் வேலைக்கு வந்த ஒருத்தியைச் சூழ்ந்து அவர்க்கு அச்சம் பிறக்கின்றது. அச்சத்தை அறிவால் அடக்க முயலும் ஒருவரின் பேச்சாதலின், அடக்க முயலுந்தோறும் அச்சம் பெருகுகின்றது. இதே கதையைப் பேய்க்கு அஞ்சும் சிறுவன் சொல்லியிருப்பின் நாம் அஞ்சியிரோம்.

அம்பை 1971-இல் எழுதிய ‘அம்மா ஒரு கொலை செய்தாள்’ என்னும் கதையிற் பேசுபவள் பருவம் எய்தும் ஒரு சிறுமி. அவட்குத் தாயே உலகம். தாயின் ஒரு சொல் அவ்வுலகை உடைத்துவிடுகின்றது. வழக்குமன்றத்திற் கொலை என்று எவரும் கூறாத ஒன்றைக் கொலை என்று சொல்லும் உரிமை அச்சிறுமிக்கே உண்டு. தலைப்பிலேயே அவள் குரல் கேட்கின்றது.

இன்னும் ஒன்று கூறி இப்பகுதியை முடிப்போம். 2017-இல் மறைந்த அசோகமித்திரனின் ‘புலிக்கலைஞ’னிற் பேசுபவர் திரைப்படக் கூடம் ஒன்றின் ஊழியர். வட்டாரச் சொல் மிகுதியும் இல்லை, அலங்காரமும் இல்லை. வாய்ப்புக் கேட்டு வந்து தம் முன் புலியாகவே மாறி ஆடிய ஒருவனைப் பற்றி, அலுவலகக் குறிப்பு எழுதுபவர் போல அடங்கிய குரலிற் சொல்லிக்கொண்டு போகின்றார். பிறரை ஒவ்வொரு நாளும் ‘பிறகு பார்க்கலாம்’ என்று அனுப்பிப் பழகியவர்க்கு வாய்த்த குரல் அது. அக்குரல் சற்றே நடுங்கும் இடத்தை நாம் தவறவிடுவதில்லை. வட்டார வழக்கின்றியும் தனிக்குரல் அமையும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

குரலை அமைத்தற்குத் தமிழ் நமக்குத் தந்துள்ள கருவிகள் பல. அவற்றைப் பயன்கொள்ளாது, அழுகைக் குறியையும் வியப்புக் குறியையும் வரிசையாக நிறுத்துதல் எற்றுக்கு? மூன்றை மட்டும் ஈண்டுச் சுட்டுவோம்.

ஒன்று, தன்மைப் பன்மை. நம் மொழியில் இஃது இருவகைப்படும். கேட்போரையும் உளப்படுத்தி ‘நாம்’ என்கின்றோம். கேட்போரை விலக்கி ‘நாங்கள்’ என்கின்றோம். பண்டைய வழக்கில் விலக்குதற்கு ‘யாம்’ என்பது நின்றது. இக்கட்டுரையில் யாமும் அவ்வழக்கையே மேற்கொண்டுள்ளோம். பண்ணையில் உழைப்பவர் உடையவரின் மகனிடம் ‘நம்ம பண்ணை’ என்றே பேசுவார். அச்சொல்லில் அன்பும் இருக்கும்; வேறு வழியின்மையும் இருக்கும். பத்துப் பக்கம் ‘நம்ம பண்ணை’ என்று பேசியவர், பதினோராம் பக்கத்தில் ‘உங்க பண்ணை’ என்பாராயின், கதையின் திருப்பம் அவ்வொரு சொல்லிலே நிகழ்ந்துவிடும். பிறகு அவர் சினந்தார் என்று எழுத வேண்டுவதில்லை.

இரண்டு, இடைச்சொல். ‘பத்திரம் எழுதினார்கள்’ என்பதற்கும் ‘பத்திரம் எழுதினார்களாம்’ என்பதற்கும் இடையே உள்ளது ஓர் அசையே. ஆயினும் பின்னதிற் பேசுபவர் அங்கே இல்லை, அழைக்கப்படவில்லை, எழுதியதை முழுதும் நம்பவுமில்லை என்னும் மூன்றும் அடங்கும். ‘தான்’, ‘கூட’, ‘ஆவது’ என்னும் இவையும் இத்தகையனவே. ‘என் மகனாவது படிக்கட்டும்’ என்பவர் தம் வாழ்வு முழுவதையும் சொல்லிவிட்டார். ஒருவர் வாயில் அடிக்கடி வரும் இடைச்சொல் எது என்று கண்டுகொண்டால், அவர் குரலிற் பாதி கைவந்தது எனலாம்.

மூன்று, சுட்டுப் பெயர். ஒருவரை ‘அவன்’ என்பதா, ‘அவர்’ என்பதா, ‘அது’ என்பதா? பேத்தியை ‘அது சாப்பிட்டதா?’ என்று கேட்கும் பாட்டியின் ‘அது’ வேறு. வேலைக்கு வந்த சிறுமியை ‘அதுக்கு என்ன தெரியும்?’ என்று தள்ளும் வீட்டுத் தலைவியின் ‘அது’ வேறு. கதை சொல்லும் ‘நான்’ யார் யாரை எங்ஙனம் சுட்டுகின்றார் என்பதிலேயே அவர் நிற்கும் இடம் புலப்பட்டுவிடும்.

இவற்றோடு தொழிலறிவையும் கூட்டிக்கொள்க. தையற்காரர் மணவீட்டிற்குட் சென்றால் மணமகனின் முகத்தினும் முன்னர்ச் சட்டையின் தோள் தையலைக் காண்பார். கடலோடி நாளைக் காற்றால் அளப்பார். வாடை என்றும் கொண்டல் என்றும் கச்சான் என்றும் அவர்க்கு ஆண்டு பகுக்கப்பட்டிருக்கும். நெசவாளர்க்குப் பாவும் ஊடையும் தறியும் வெறுஞ்சொற்கள் அல்ல. அவர் தம் மகளின் திருமணத்தைக் கூட அத்தறியிலிருந்து எத்தனை சேலை இறங்க வேண்டும் என்றே எண்ணுவார். ஒருவர் உவமையை வானத்திலிருந்து எடுப்பதில்லை; தம் கைக்கு எட்டும் இடத்திலிருந்தே எடுப்பர்.

ஒளித்தலையும் மறத்தலாகாது. மனிதர் தம் கதையைத் தாமே சொல்லும்போது முழுவதும் சொல்லுவதில்லை. தமக்கு நன்மை பயக்கும் வகையிலேயே சொல்லுவர். எட்கர் ஆலன் போ 1843-இல் எழுதிய கதை ஒன்றில், கொலை செய்தவன் தான் பித்தன் அல்லன் என்று மீண்டும் மீண்டும் வற்புறுத்துகின்றான். வற்புறுத்துந்தோறும் நாம் அவனை விட்டு விலகுகின்றோம். ‘நான்’ சொல்லும் அனைத்தும் மெய் என்று எழுதுவோரே நம்பிவிடுவாராயின், அந்த ‘நான்’ கதைமாந்தர் அல்லர், எழுதுவோரின் நிழலே.

இதுகாறும் கூறியவை கலை பற்றியன. இனிக் கூறுவது நேர்மை பற்றியது. இதனையே யாம் முதன்மையாகக் கருதுகின்றோம்.

அகத்திணையிற் பேசுதற்கு உரியார் இன்னார் எனத் தொல்காப்பியம் வரையறை செய்தது. களவிற் பேசுவோர் அறுவர். கற்பில் அவரோடு பாணன், விறலி, பரத்தை முதலாய அறுவரும் சேர்வர். அடியோரும் வினைவலரும், அஃதாவது பிறர்க்கு ஏவல் செய்வோரும் தொழில் செய்வோரும், ஐந்திணைக்குப் புறத்தே நிறுத்தப்பட்டனர். அவர் நெஞ்சின் காதல் அன்பின் ஐந்திணைக்கு உரியதாக வைக்கப்படவில்லை. யாம் போற்றிப் பயிலும் நூலாயினும், இவ்வேலி அதனுள் இருந்தது என்பதை மறைத்தல் முறையன்று. காலம் மாறியது. இக்காலச் சிறுகதையில் எவரும் ‘நான்’ என்று பேசலாம். குப்பை அள்ளுவோர் பேசலாம். உப்பளத்திற் பாத்தி மிதிப்போர் பேசலாம். விடுதியில் நமக்குச் சோறு வடிப்போர் பேசலாம். நூறாண்டுக்குச் சிறிது மிகையான நம் சிறுகதை வரலாறு திறந்துவைத்த கதவு இது.

கதவு திறந்தபின் நாம் செய்வது யாது? அவரை உள்ளே அழைத்து, அவர் வாயில் நம் சொல்லைத் திணிக்கின்றோம். துப்புரவு செய்யும் பெண்ணைப் பேசவைத்து, நாம் அவளுக்கு இரங்குவதையே அவள் தனக்கு இரங்குவதாக எழுதுகின்றோம். தன்னைத் தானே ‘ஏழை நான்’ என்று அழைத்துக்கொண்டு எவள் வாழ்வாள்? அவட்குச் சினம் உண்டு, நகை உண்டு, பக்கத்து வீட்டாரோடு பூசல் உண்டு, நம்மைக் குறித்தும் கருத்து உண்டு. அவை ஒன்றும் நம் கதையில் வாரா. அன்று வேலிக்குப் புறத்தே நின்றவரை இன்று உள்ளே அழைத்து ஊமையாக நிறுத்துகின்றோம். இஃது இரக்கம் ஆகாது.

பாமாவின் ‘கருக்கு’ 1992-இல் வெளிவந்தபோது தமிழுலகம் திடுக்கிட்டது. அது சிறுகதையன்று, தன்வரலாறு. தலித் கிறித்தவக் குடியிற் பிறந்து, துறவு மடத்தில் வாழ்ந்து, அதனை விட்டு வெளிவந்த ஒருவர் தம் ஊரார் பேசும் மொழியிலேயே தம் வாழ்வை எழுதினார். மொழி புதிது என்றனர் பலர். அம்மொழி பழையது, அச்சேறியதே புதிது. அதுகாறும் அம்மக்களுக்காகப் பிறர் பேசிய சொற்கள் எத்துணைத் தொலைவில் நின்று பேசியவை என்பதை அந்நூல் ஒரே நாளிற் காட்டிவிட்டது. நம் கல்லூரிகளிற் கல்வியும் இரக்கமும் அருகருகே வைத்துக் கற்பிக்கப்படுகின்றன. ஆதலின், இரக்கம் பிறர் குரலை விழுங்கிவிடாதபடி காத்தல் நமக்குச் சிறப்பான கடமையாகின்றது.

இங்கே ஒரு தடை எழுதல் கூடும். ‘அங்ஙனமாயின் அவரவர் தம் கதையையே எழுதுதல் வேண்டும் போலும்! கபிலர் தலைவியாகப் பாடியது பிழையோ?’ என வினவுவர் சிலர். பிழையன்று. பிறராகி நின்று பேசுதல் கலைஞர்க்கு உரிய பெரும்பேறு. அதனைத் துறப்பின் கற்பனையையே துறந்தவராவோம். யாம் வேண்டுவது, பேசுமுன் கேட்க என்பதே. கபிலர் தலைவியைக் கேட்டிருந்தார். ஆதலின் நாரை அவர்க்குக் கிடைத்தது. கேளாதார்க்குக் கிடைப்பது ‘இதயத்தைச் சோகம் கவ்விக்கொண்டது’ என்னும் தொடர் மட்டுமே.

உடன்பயிலும் நண்பர்க்கு மூன்று சோதனைகளை முன்வைக்கின்றோம். கதையின் தலைப்பையும் பெயரையும் மறைத்து, முதற் பத்து வரிகளை ஒருவர்க்குப் படித்துக் காட்டுக. ‘இது யார் யாரிடம் சொல்லியது?’ என்று கேட்க. அவர் விடை கூற இயலாது விழிப்பாராயின் முன்னம் அமையவில்லை. இரண்டாவதாக, ‘நான்’ அறியாத செய்தி ஒன்றும், சொல்ல விரும்பாத செய்தி ஒன்றும் கதையில் உளவோ என நோக்குக. இரண்டும் இலவாயின், எழுதியவர் இன்னும் தம் நாற்காலியை விட்டு எழவில்லை என்க. மூன்றாவது கடினமானது. எவர் குரலில் எழுதினோமோ அவரைப் போன்ற ஒருவர்க்கு அதனைப் படித்துக் காட்டுக. அவர் பணிவாகத் தலையசைத்தால் ஐயுறுக. ‘அப்படிச் சொல்ல மாட்டோம், தம்பி’ என்று திருத்துவாராயின் மகிழ்க. தாமே அடுத்த வரியைச் சொல்லத் தொடங்குவாராயின், எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்க.

இக்கல்லூரியினின்று வெளிச்சென்று பல துறைகளிற் பணிபுரியும் மூத்தோர்க்கும் ஒரு விண்ணப்பம். ஆலையிலும் மருத்துவமனையிலும் நீதிமன்றத்திலும் வயலிலும் நீவிர் கேட்ட குரல்கள் எமக்கு எட்டாதவை. அவற்றை எழுதி அனுப்புவீராக. எம் போன்றார் நூலகத்திலிருந்து எடுக்கும் குரலினும் அவை மெய்ம்மை உடையனவாக இருக்கும்.

பேசுவாரையும் கேட்பாரையும் அருகருகே வைத்து எண்ணிய மொழி நம்முடையது. அவ்வெண்ணத்தைத் தேர்வுத் தாளில் எழுதி மதிப்பெண் பெற்றதோடு விட்டுவிடாது, கதை எழுத அமரும்போதும் உடன்கொண்டு அமர்வோமாக. படித்தவுடன் ‘இவரை யாம் அறிவோம்’ என்று ஓர் உழைப்பாளியின் குடும்பத்தார் சொல்லத் தக்க கதை ஒன்றேனும் வரும் ஆண்டின் மலரில் இடம்பெறுமாயின், இதனை எழுதிய பயனை யாம் பெற்றோமாவோம்.